பெரிய வீட்டுச் சாவி

காரைக்குடிப் பக்கம் ஒரு தெரு. பழமை மாறாமல் காக்க வேண்டிய வீடுகள் என்று தெருமுனையில் பலகை நட்டிருக்கிறார்கள். பாதி வீடுகள் விடுதியாகிவிட்டன. மீதி பூட்டிக் கிடக்கின்றன. ஆள் குடியிருந்து விளக்கெரியும் வீடு ஒன்றே ஒன்றுதான். பங்காளிகளெல்லாம் சென்னைக்குப் போய்விட, பிள்ளையில்லாத நாச்சம்மை ஆச்சி மட்டும் முப்பது வருஷமாகத் தேக்குத் தூண்களைத் துடைத்து, சாமியறையில் விளக்கேற்றி, அதை வீடாக வைத்திருந்தார். வாசற்கதவின் சாண் நீளச் சாவி அவர் இடுப்பை விட்டு இறங்காது.

பங்காளிகளின் நல்லது கெட்டது இரண்டும் அந்த வீட்டில்தான் நடக்க வேண்டும் என்பது வழக்கம். ஆச்சியின் கொழுந்தனார் வயிரவன். அவர் மனைவி உமையாள் தன் மகள் மீனாள் கல்யாணத்துக்கு வீட்டைக் கேட்டு வந்தபோது ஆச்சி சிரித்தார்.

"தாராளமா நடத்து. ஆனா என் உசுரு இந்த வீட்டு வளவுலதான் போகணும். ஆஸ்பத்திரியில போட்டுட்டு ஓடிறாதடி."

உமையாள் கையடித்துச் சத்தியம் செய்தாள்.

கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கையில் ஆச்சி மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஓரிரண்டு நாள்தான் என்று டாக்டர் கைவிரித்துவிட்டார்.

"ஆஸ்பத்திரியிலயே இருக்கட்டும் உமையா. வீட்டுல உசுரு போனா கல்யாணம் நின்னுரும். ஏதாச்சும் ஆனாலும், தாலி ஏறினப்புறம் சேதி சொல்லிக்கலாம்" என்றார் வயிரவன்.

ஆச்சியோ, "கல்யாணத்தை நடத்துடி. உன் சத்தியத்தை நான் விட்டுட்டேன்" என்று திணறினார். வீட்டைத் திறக்கச் சாவி வேண்டி உமையாள் கை நீட்டினாள். சாவியை இறுக்கிய ஆச்சியின் விரல்கள் பிரியவில்லை.

மீனாள் அப்பாவிடம் சீறினாள். "பெரியாத்தாவை வீட்டுக்குக் கொண்டு போங்க. நான் கோயில்ல மாலை மாத்திக்கிறேன். அதுக்குள்ள ஏதாச்சும் ஆனா வேற நாள் பாப்போம். உங்க விருந்து எங்கயும் ஓடிறாது, அப்பச்சி!"

முருகா என்று உமையாள் கண்ணை மூடினாள்.

இந்த மூவரில் யார் சொல்லை உமையாள் கேட்பது தருமம்?

விடை: மீனாள் சொல்லைத்தான். பங்காளி எங்கே கண்மூடினாலும் தீட்டு ஒன்றுதான். சேதியை மறைத்தால் தீட்டு மறையாது. ஆச்சி சத்தியத்தை விட்டது பாசத்தால், வாயளவில். விடாத விரல்கள் மனசைச் சொல்லிவிட்டன. கல்யாணத்துக்கு வேறு நாளும் உண்டு, கோயிலும் உண்டு. ஆச்சியின் கடைசி மூச்சுக்கு வேறு வீடு கிடையாது.

ஆம்புலன்ஸ் வாசலில் நின்றதும், "வீட்டுக்கு வந்துட்டோம் ஆச்சி" என்றாள் உமையாள். விரல்கள் தாமாக விரிந்தன. மீனாள் சாவியை எடுத்துக் கதவைத் திறந்தாள்.