இருவாச்சிப் பொந்து

“தாயி, அந்தச் சத்தம் காதை விட்டுப் போகமாட்டேங்குது. மறக்கிறதுக்கு ஒரு மந்திரம் சொல்லிக் குடுங்க” என்றான் மாசானம்.

மலையடிவாரத்தில் தனியாக இருந்த துறவி உலகம்மை. வேட்டைக்காரன் மாசானத்துக்குத் தலை நரைத்துவிட்டது; அவளுக்கு அவன் தங்கை வயதுதான் இருக்கும். ஆனாலும் ஊரே கூப்பிடுவதுபோல அவனும் தாயி என்றே கூப்பிட்டான்.

“என்ன சத்தம், அண்ணே?”

“இருவாச்சிப் பறவை ஒண்ணைச் சுட்டேன். வீட்டுக்காரிக்கு வாதம் வந்து கால் விழுந்துபோச்சு. இருவாச்சி எண்ணெய் தடவினா நடந்திருவான்னாங்க.”

“நடந்தாளா?”

“இல்லை.”

அவனே தொடர்ந்தான்.

“நான் சுட்டது ஆண். மஞ்சள் மூக்கும், அதுக்கு மேல கொம்பும். விழுந்தப்போ தொண்டையிலேருந்து அத்திப்பழமாக் கொட்டிச்சு. அப்பத்தான் மேல பொந்துக்குள்ளேருந்து பெட்டை கத்துச்சு. குரைக்கிற மாதிரி.”

மாசானத்துக்குத் தெரியாததல்ல. முட்டையிடப் பெட்டை மரப்பொந்துக்குள் புகுந்து வாசலைப் பூசி அடைத்துக்கொள்ளும். மூக்கு நுழையும் அளவுக்கு ஒரு கீறல்தான் மிச்சம். ஆண் கொண்டுவந்து ஊட்டினால் உண்டு. சிறகு உதிர்ந்து கிடக்கும். வெளியே வந்தாலும் பறக்க முடியாது.

“எப்போ சுட்டீங்க?”

“முந்தாநாள்.”

உலகம்மை எழுந்துபோய் ஒரு கூடையை எடுத்துவந்து அவன் கையில் கொடுத்தாள்.

“ஓடையோரம் அத்தி பழுத்திருக்கு. போங்க.”

“மந்திரம்?”

அவள் உள்ளே போய்விட்டாள்.

இருட்டுவதற்குள் மாசானம் திரும்பி வந்தான். புறங்கையில் ரத்தம் வழிந்தது.

“வாங்கமாட்டேங்குது, தாயி. கையை நீட்டினா கொத்துது. பழத்தை உள்ளே போட்டுட்டு இறங்கிட்டேன்.”

“நாளைக்கும் போங்க.”

போனான். தினமும் மரம் ஏறினான், தினமும் கொத்து வாங்கினான். காயத்தைப் பார்க்கப் பார்க்க அவனுக்கு மனசு கொஞ்சம் லேசானது. ராத்திரி தூக்கம்கூட வந்தது.

ஒருநாள் அவன் வந்து வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான். கையில் புதுக் காயம் இல்லை.

“பெட்டை செத்துப்போச்சு, தாயி.”

உலகம்மை கூடையைப் பார்த்தாள்.

“பழம் தீர்ந்திருக்கே?”

“உள்ளே குஞ்சு இருக்கு. நான் போட்ட பழத்தைத் தின்னு உயிரோட கிடந்திருக்குபோல. கீறல்ல கையை வச்சேன். வாயைத் திறந்துச்சு. அத்தனையும் வாங்கித் தின்னுச்சு. தின்னுட்டு என் விரலைப் பிடிச்சுக்கிச்சு. அப்பன் வந்திருக்கான்னு நினைக்குது.”

அவள் கூடையைக் கையில் எடுத்தாள்.

“கொத்தினதைத் தாங்கிட்டேன், தாயி. இது என்னால முடியாது. வேற எந்தத் தண்டனைன்னாலும் குடுங்க.”

உலகம்மை கூடையில் ஒட்டியிருந்த இலையைத் தட்டிவிட்டு, அதை அவன் முன்னால் வைத்தாள்.

“சாயங்காலமும் அதுக்குப் பசிக்கும், அண்ணே.”