கண்டென்சரும் ஈர்க்குச்சியும்

குருவுக்கு வயது குறைச்சல், சிஷ்யனுக்கு வயது கூடுதல். உலகத்தில் அப்படியும் உண்டு.

தூத்துக்குடியில் உப்பு லாரிகள் போகிற ரோட்டில் கார் ஏசி பழுது பார்க்கிற பட்டறை ஒன்று இருந்தது. அதை நடத்தியவள் ஜெனோவா. நாற்பதைத் தொடாதவள். அவளிடம் தொழில் படிக்க வந்தவர் ஆறுமுகநயினார். பாதி ஆயுசுக்கு மேல் உப்பு லாரி ஓட்டி, குலுங்கிக் குலுங்கி இடுப்பு விட்டுப்போய், ஸ்டியரிங்கை விட்டு ஸ்பேனரைப் பிடித்தவர்.

அவர் அவளை மேஸ்திரி என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள். பக்கத்து வாட்டர் வாஷ் கடைக்காரன் செல்லையாவுக்கு இதைக் கேட்டால் சிரிப்பு தாங்காது.

"என்ன நயினாரே, இன்னைக்கு என்ன பாடம்? ஆனாவா, ஆவன்னாவா?"

"ஆவன்னா முடிஞ்சு ஈயன்னா வந்தாச்சு. நீ இன்னும் தண்ணியிலயே நிக்கியே."

இப்படித்தான் பொழுது விடியும். ஆனால் அன்றைக்கு நயினார் செல்லையா கடைப் பக்கமே திரும்பாமல் நடந்தார். உள்ளே வந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டி, மாட்டியதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன அண்ணாச்சி?"

"வடிவு சாயந்தர பஸ்ல திருப்பூர் போறாளாம்."

வடிவு அவருக்கு ஒரே மகள். தாய் இல்லாத பிள்ளை. கட்டிக்கொடுத்த வீட்டிலிருந்து பங்குனி மாதம் தனியாகத் திரும்பி வந்தவள். ஏன் வந்தாள் என்று இன்றுவரை வாய் திறக்கவில்லை.

"அங்க என்ன?"

"பனியன் கம்பெனி வேலை. கூடப் படிச்ச பிள்ளை கூப்பிட்டிருக்கு. போறேன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல, மேஸ்திரி. துணியை மடிச்சு வச்சுக்கிட்டிருந்தா. நானாத்தான் கேட்டேன்."

"ம்."

"தினமும் சோத்துல உக்காரும்போது நல்லதுதான் சொல்லுதேன். அனுசரிச்சுப் போ, பொறுமையா இரு, நாலு பேரு வாயில விழாதன்னு. ஒரு கெட்ட வார்த்தை சொன்னதில்ல. நல்லது சொன்னா பிள்ளை ஏன் மூஞ்சியைத் திருப்பிக்கிடணும்? நீங்களே சொல்லுங்க."

ஜெனோவா வாசலில் நின்ற வெள்ளைக் காரைக் காட்டினாள்.

"நேத்து நீங்க பார்த்த வண்டி திரும்பி வந்திருக்கு."

நயினார் எட்டிப் பார்த்தார். அது வாடகை வண்டி. அவர் தனியாக முடித்துக் கொடுத்த முதல் வேலை.

"என்னவாம்?"

"சிக்னல்ல நின்னா வெக்கையா வருதாம். முன்னால இருந்ததுக்கு இப்ப மோசமாம். சாயந்தரம் வண்டி வேணும்னு விட்டுட்டுப் போயிருக்காரு."

"இருக்காதே. கண்டென்சர் பூரா உப்பும் புழுதியும் பூச்சி றெக்கையுமா அடைஞ்சு கிடந்துச்சு. அவ்வளவையும் நானே எடுத்தேன்."

ஜெனோவா காரின் முன் கிரில்லைக் கழற்றினாள். அதற்குப் பின்னால்தான் கண்டென்சர் இருக்கும். பார்க்க ஒரு பெரிய சல்லடை மாதிரி. குறுக்கே குழாய்கள், குழாய்களுக்கு நடுவே வெள்ளித்தாள் கனத்தில் ஆயிரம் தகடுகள். வெயில் பட்டுப் பளபளவென்று மின்னியது.

"பாருங்க மேஸ்திரி. கண்ணாடி மாதிரி இல்ல?"

"இருக்கு. எப்படிக் கழுவுனீங்க?"

"செல்லையா கடை வாட்டர் கன்னை வாங்கி, கிட்ட வச்சு அடிச்சேன். ஒரு பொட்டு அழுக்கு இருக்கக் கூடாதுன்னு."

அவள் வண்டியை ஸ்டார்ட் பண்ணி ஏசியைப் போட்டாள். கண்டென்சருக்குப் பின்னால், காற்றை உள்ளே இழுக்கிற ஃபேன் சுற்றத் தொடங்கியது. பழைய பேப்பரில் ஒரு துண்டைக் கிழித்து நயினாரிடம் கொடுத்தாள்.

"நடுவுல வச்சு விடுங்க."

வைத்து விட்டார். தாள் தரையில் விழுந்தது.

"இப்ப அந்தக் கீழ் மூலையில."

கீழ் மூலை அவருடைய தண்ணீர் எட்டாத இடம். இன்னும் அழுக்காகத்தான் இருந்தது. அங்கே வைத்ததும் தாள் சப்பென்று ஒட்டிக்கொண்டது. கையை எடுத்த பிறகும் விழவில்லை.

நயினார் குனிந்து பார்த்தார். மின்னிய இடத்தில் எல்லாம் தண்ணீர் அடித்த வேகத்தில் தகடுகள் ஒன்றின்மேல் ஒன்றாக மடிந்து படுத்திருந்தன. காற்று நுழைய ஒரு மயிரிழை வழி இல்லை.

"ஏசி கேஸ் போட்டா சரியாகுமா?" என்றார்.

"கேஸ் இருக்கு அண்ணாச்சி. சூடு வெளியே போக வழிதான் இல்ல. நாம குளிர்ச்சின்னு எதையும் உண்டாக்குறதில்ல. உள்ள இருக்கிற சூடு வெளியே போனாப் போதும். வண்டி தானாக் குளிரும்."

நயினார் திருப்புளியை எடுத்தார்.

"இரும்பு வேண்டாம். குழாயில பட்டா ஓட்டை." இன்ஜினை அணைத்துவிட்டு மூலையில் கிடந்த விளக்குமாற்றிலிருந்து ஈர்க்குச்சி ஒன்றை உருவி, முனையை ஒடித்துக் கையில் கொடுத்தாள். "இதால நிமித்துங்க. ஒவ்வொண்ணா."

"இத்தனையுமா?"

"மடக்கினது இத்தனையும்தானே."

"பேசாம புதுசு ஒண்ணு வாங்கிப் போட்டுட்டா?"

"போடலாம். அதையும் நீங்கதானே கழுவணும்."

அவர் முக்காலியை இழுத்துப் போட்டு வண்டி முன்னால் உட்கார்ந்தார்.

முதலில் வேகமாகத்தான் செய்தார். இரண்டு தகடு நிமிர்ந்தது, மூன்றாவது கிழிந்தது. ஜெனோவா வேறு வண்டிக்கடியில் படுத்திருந்தவள், சத்தத்தை வைத்தே சொன்னாள்: "ஒரே இழுப்புல நிமித்தாதீங்க அண்ணாச்சி. தொட்டுட்டு விடுங்க. மறுபடியும் வாங்க."

தொட்டார், விட்டார். அடுத்ததற்குப் போனார். திரும்ப வந்தார். தகட்டின் ஓரம் பிளேடு மாதிரி இருந்தது. விரல் நுனியெல்லாம் கீறல். வியர்வை பட்டு எரிந்தது.

செல்லையா எட்டிப் பார்த்தான். "என்ன நயினாரே, காருக்குப் பேன் பாக்கீரா?"

நயினார் நிமிரவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கும் எழுந்திருக்கவில்லை. தகடுகளுக்கு நடுவே வெளிச்சம் ஊசி ஊசியாகத் தெரிய ஆரம்பித்திருந்தது. கீழ் மூலை அழுக்கைக் கடைசியில் பழைய பிரஷ்ஷால் வருடி, சொம்புத் தண்ணீரை மெல்ல ஊற்றினார். அதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அப்போதுதான் பட்டறை வாசலில் நிழல் விழுந்தது. வடிவு நின்றாள். தோளில் ஒரு பை, கையில் ஒரு பை.

"வீட்டுச் சாவி," என்று நீட்டினாள்.

நயினார் எழுந்தார். சொல்ல வேண்டியதெல்லாம் வாய்க்குள் வரிசை கட்டி நின்றது. பிள்ளை முகத்தைக் கண்டதும் அதற்கு இன்னும் அவசரம் வந்துவிட்டது.

"ஏட்டி, நான் என்ன சொல்லுதேன்னா..."

"வடிவு, ஒரு உதவி செய்தியா?" ஜெனோவா வண்டிக்கடியிலிருந்து வந்தாள். "பையை வச்சுட்டு இந்த வண்டி பின்சீட்டுல கொஞ்சம் உக்காரு. நின்ன இடத்துல கூல் வருதான்னு சொல்லணும். அண்ணாச்சி, நீங்க முன்னால ஏறுங்க. ஃபேன் விட்டு விட்டு ஓடுதான்னு காதுல வாங்கணும். பேசாதீங்க, பேசினா சத்தம் பிடிபடாது."

இருவரும் ஏறினார்கள். ஜெனோவா இன்ஜினை முடுக்கி, ஏசியைப் போட்டு, கதவைச் சாத்தினாள்.

கண்ணாடி ஏற்றிய வண்டிக்குள் அப்பனும் மகளும் மட்டும். முதலில் வெக்கைதான் வந்தது. நயினார் ஃபேன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு வெக்கை தணிந்த மாதிரி இருந்தது.

"அவுக என்கிட்ட பேசினதே இல்லப்பா," என்றாள் வடிவு.

நயினார் திரும்பவில்லை. தலைக்கு மேலே இருந்த கண்ணாடியில் அவள் நெற்றி மட்டும் தெரிந்தது.

"நான் அங்கனயேதான் நிப்பேன். அவுக அம்மாகிட்ட சொல்லுவாக, அவளைத் தண்ணி கொண்டுவரச் சொல்லுன்னு. அத்தை என்கிட்ட சொல்லும். ஒரு வருசம் பூரா அப்படித்தான். அடிச்சாகன்னா உங்ககிட்ட வந்து சொல்லலாம். இதை என்னன்னு சொல்ல?"

அனுசரிச்சு என்கிற சொல் நயினாரின் தொண்டைக்குழி வரை வந்தது. ஃபேன் சத்தத்தைக் கேட்க வேண்டியிருந்தது. கேட்டார்.

"ஒரு நாளு, நான் இருக்கேனா இல்லையான்னு எனக்கே சந்தேகம் வந்துட்டு. கதவைச் சாத்திக்கிட்டு என் பேரை நானே கூப்பிட்டுப் பார்த்தேன்."

வண்டி லேசாக அதிர்ந்துகொண்டிருந்தது.

"வடிவுன்னா?" என்றார் நயினார்.

"சண்முகவடிவுன்னு. முழுசா."

அவர் வைத்த பேர். அவருடைய ஆத்தாள் பேர். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஓடாத வண்டிக்கு எதற்குப் பிடி என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

"அங்க யாரும் பேசல. இங்க வந்தா யாரும் கேக்கல. அதான்பா, திருப்பூர்."

ரோட்டில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. ஃபேன் விடாமல் ஓடியது.

"குளிருதுப்பா," என்றாள் வடிவு. துப்பட்டாவை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள். மூக்கை உறிஞ்சினாள். பிறகு, "எனக்கே ஒண்ணும் புரியல. போகட்டுமா, இருக்கட்டுமா?" என்றாள்.

"இரு, வாரேன்."

நயினார் இறங்கினார். ஜெனோவா தண்ணீர் டிரம் பக்கத்தில் நின்று கை கழுவிக்கொண்டிருந்தாள். அவர் கிட்டே போய்த் தணிந்த குரலில் கேட்டார்.

"மேஸ்திரி, போகட்டுமா இருக்கட்டுமான்னு கேக்கா. போன்னு சொல்ல மனசு ஒப்பல. இருன்னு சொன்னா, இவ்வளவு நாளும் சொன்ன மாதிரி அதுவும் நான் சொன்னதாப் போயிரும். நான் என்னத்தைச் சொல்ல?"

பின்னால் கார்க் கதவு திறந்தது. வடிவு இறங்கினாள்.

ஜெனோவா கையை உதறினாள்.

"ரெண்டு பையையும் தூக்கிக்கிட்டு நில்லுங்க அண்ணாச்சி. அவ எந்தப் பக்கம் நடக்காளோ, அந்தப் பக்கம் கொண்டு போங்க."