பஸ்ஸுக்கு வந்த ஆடி அழைப்பு

தும்பைக்கோட்டை அரண்மனையில் அம்பலக்கூத்தர் என்று ஒரு ஆஸ்தானப் புலவர் இருந்தார். மகா புத்திசாலி. அப்படி அவரே சொல்லிக்கொண்டார், மறுத்துப் பேச யாருக்கும் நேரமில்லை. அந்த நாட்டில் ராஜாவும் உண்டு, பஸ்ஸும் உண்டு. அது எப்படி என்று குறுக்கே கேட்காதீர்கள், கதை நின்றுவிடும்.

வைகாசியில் மகாராஜா மலைமேல் இருக்கிற ஊர்களுக்கெல்லாம் புது பஸ்களைத் தானம் கொடுத்தார். தேடிப் பார்த்து வாங்கி வந்தவர் மந்திரி வீரபாகு. அன்றைக்குக் கூத்தர், "மலையே மறித்தாலும் நிற்காது மன்னவன் பஸ்" என்று பாடி, கழுத்தில் ஒரு மாலையும் வாங்கிக்கொண்டார்.

ஆனி கடைசி நாளில் பஸ் கம்பெனி ஆள் மூச்சிரைக்கச் சபைக்கு ஓடி வந்தான். "மகாராஜா, காற்று பிரேக்கில் கோளாறு! இறக்கத்தில் காற்று கசிந்தால் பிரேக் பிடிக்காது. எல்லா பஸ்ஸையும் பட்டறைக்குத் திருப்பி அனுப்புங்கள், இலவசமாகச் சரிசெய்து தருகிறோம்."

கூத்தர் தலையில் அடித்துக்கொண்டார். பாழாய்ப்போன பாட்டு பலித்துத் தொலைத்ததே! அவர் வீடும் மலைமேல்தான். வருகிற ஆடி வெள்ளிக்கு அவர் மனைவி தையல்நாயகி, ஊர் ஜனத்தோடு பஸ் ஏறிக் கோட்டை அம்மன் கோயிலுக்கு இறங்கி வருவதாக ஏற்பாடு.

மகாராஜா மீசையை முறுக்கினார். "கொடுத்ததைத் திரும்பக் கேட்கிற வழக்கம் எங்கள் வம்சத்திலேயே கிடையாது. ஊர் சிரிக்காதா?"

"பிரேக் எல்லாம் கல் மாதிரி இருக்கிறது மகாராஜா, நான் பொறுப்பு" என்றார் வீரபாகு. "இவன் சும்மா பயமுறுத்துகிறான்."

"அவ்வளவுதான்! திரும்ப வாங்கு என்று இனி எவனாவது வாயைத் திறந்தால் நாடு கடத்துவேன்!"

கூத்தருக்கு வீரம் என்பது பாட்டில் மட்டும்தான். ஆனாலும் தையல்நாயகியை நினைத்துக்கொண்டு எழுந்தார்.

"திரும்ப வாங்கவே கூடாது மகாராஜா! ஆனால் ஒரு முறை விட்டுப்போகிறதே. பஸ்களுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, பெற்ற பெண்ணை அனுப்புகிற மாதிரிதானே அனுப்பினீர்கள்?"

"ஆமாம்."

"நாளைக்கு ஆடி பிறக்கிறது. கட்டிக்கொடுத்த பெண்ணை முதல் ஆடிக்குத் தாய்வீட்டுக்கு அழைக்காவிட்டால் சம்பந்தி வீட்டார் என்ன பேசுவார்கள்?"

மகாராஜா திடுக்கிட்டார். "அடடா, மானம் போயிருக்குமே! அழைத்து?"

"பட்டறையில் வைத்து, எண்ணெய் போட்டு, உடம்புக்கு என்ன குறை என்று பார்த்துச் சரிசெய்து, ஆவணியில் சீரோடு அனுப்பலாம். அதுவரைக்கும் மாப்பிள்ளை கிட்டே வரக் கூடாது."

"பஸ்ஸுக்கு ஏதய்யா மாப்பிள்ளை?"

"ஏறுகிற ஜனங்கள்தான் மகாராஜா. ஆடி முழுக்க ஒருத்தர்கூட ஏறக் கூடாது!"

"பேஷ்! சரி, யார் போய் அழைத்து வருவது?"

சபை முழுக்கக் கூத்தரைப் பார்த்தது. இந்த வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாமே!

"தாய்மாமன் இருக்கும்போது நான் யார் மகாராஜா?" என்று சமாளித்தார். "தேடிப் பார்த்து வாங்கி வந்தவர் மந்திரிதானே. முதல் பஸ்ஸில் முன் சீட்டில் அவரே ஜம்மென்று உட்கார்ந்து இறங்கி வரட்டும்."

"ஐயையோ, நானா? அந்த இறக்கத்திலா?" வீரபாகு அலறினார். "அதுக்குத்தான் பிரேக்கே பிடிக்காதே!"

அப்புறம் மகாராஜா சிரித்தார் பாருங்கள், கிரீடம் கழன்று மடியில் விழுந்தது. உடனே உத்தரவு பறந்தது. பஸ்களில் யாரும் ஏறக் கூடாது. தேருக்குக் கட்டை போடுகிறவர்கள் இரண்டு பக்கமும் கட்டையோடு நடக்க, காலி பஸ்கள் ஊர்ந்து இறங்க வேண்டும். மந்திரி சீர்த்தட்டு ஏந்தி முன்னால் நடக்க வேண்டும். கூத்தருக்கு ஒரு பட்டுச் சால்வை.

சால்வையைப் போர்த்திக்கொண்டு பெருமையாக வெளியே வந்த கூத்தர், வீட்டுக்குப் போக பஸ் ஸ்டாண்டில் நின்றார். நின்றார், நின்றுகொண்டே இருந்தார். ரொம்ப நேரம் கழித்துத்தான் மகா புத்திசாலிக்கு உறைத்தது. மலை முழுக்க நடந்தே ஏறினார், தன்னைத் தானே திட்டிக்கொண்டு.

வாசலிலேயே தையல்நாயகி மறித்தாள். "மாவிளக்குக்கு அரிசி இடித்து வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை பஸ் இல்லையாமே! எந்த மேதாவி செய்த வேலை இது?"

கூத்தர் சால்வையை மெல்லச் சுருட்டி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

"மந்திரி வீரபாகுதான்" என்றார். "அவருக்கு மூளை கொஞ்சம் அதிகம்."