வடமலை மகளுக்குப் பேர் வைத்த நாள்

பொருநைக் கரையில் ஒரு சின்ன மடம் இருந்தது. அதை நடத்தியவர் பெயர் குப்பம்மை. அவருக்கு முன்னால் பிறந்த மூன்று பிள்ளைகளும் தங்கவில்லை. அதனால் அவர் பிறந்ததுமே, தாய் குழந்தையைக் குப்பைமேட்டில் கிடத்தினாள். பக்கத்து வீட்டுக்காரி எடுத்து வந்தாள். ஒரு படி தவிடு கொடுத்துத் தாய் திரும்ப வாங்கிக்கொண்டாள். இப்படிச் செய்தால் எமன் ஏமாந்து போவான் என்று ஒரு நம்பிக்கை. எமன் ஏமாந்தானோ இல்லையோ, குழந்தை பிழைத்தது, பெயரும் நிலைத்துவிட்டது.

அவருடைய சீடர் வடமலை அவரைவிடப் பதினைந்து வயது மூத்தவர். குரு சீடரை அண்ணாச்சி என்பார். சீடர் குருவை அம்மா என்பார். இதில் இருவருக்கும் எந்தச் சங்கடமும் இல்லை.

வடமலைக்குக் கல்யாணமாகி இருபது வருஷம் கழித்து ஒரு பெண் குழந்தை பிறந்தது. பதினாறாம் நாள் காலை, பேர் வைக்க வீட்டில் ஆட்கள் கூடிக்கொண்டிருந்த நேரத்தில், பெற்றவர் மட்டும் மடத்துக்கு ஓடி வந்தார். குப்பம்மை சுளகில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

“அம்மா, நீங்கதான் ஒரு நல்ல பேரா சொல்லணும்.”

“ஆவுடை ஒரு பேர் வச்சுட்டான்னு சொன்னாங்களே.”

ஆவுடை வடமலையின் மனைவி.

“தும்பைன்னு வைக்கணுங்கிறா.”

“தும்பை. நல்லா இருக்கே.”

“உங்களுக்கு நல்லா இருக்கு. ஊர்ல யாருக்கும் பிடிக்கலை. இருபத்து மூணு பேர்கிட்ட கேட்டுட்டேன்.”

குப்பம்மை சுளகை மடியில் வைத்துக்கொண்டார். “என்ன சொன்னாங்க?”

“மச்சினன், ஆடு மேயிற செடியோட பேரான்னு கேக்கான். ஜோசியர், ரோகிணிக்கு ‘வ’வில தொடங்கணுங்கார். புலவர்தான் பயமுறுத்திட்டார். அந்தக் காலத்துல போருக்குப் போறவன் சூடுற பூவாம். இந்தப் பேரை வச்சா போற வீட்டுல தினமும் சண்டைதானாம்.”

“ஆவுடை என்ன சொல்றா?”

வடமலை கொஞ்சம் தயங்கினார். “வலி வந்தப்போ வேலியைப் பிடிச்சுக்கிட்டு நின்னாளாம். எதிர்ல தும்பை பூத்திருந்ததாம். அதையே பாத்துக்கிட்டு நின்னதாலதான் பயம் தெரியலையாம். நான் ஊர்ல கேட்டுட்டு வந்த நாள்லருந்து அவ பேசவே இல்லை. பிள்ளையையும் பேர் சொல்லிக் கூப்பிடுறதில்லை.”

“அவளுக்கு வருத்தம் இருக்காதா?”

“இருக்கும். ஆனா நீங்களே சொல்லுங்க அம்மா. இருபது வருஷம் தவம் கிடந்து பெத்த பிள்ளை. போயும் போயும் குப்பையில முளைக்கிறதோட பேரையா வைக்கிறது? குப்பைன்னா யாராவது மதிப்பாங்களா?”

அடுப்படியில் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள். வடமலைக்குப் புரியவில்லை. இன்னும் ஒருமுறை கேட்டார்.

“குப்பைன்னா மதிப்பாங்களா, நீங்களே சொல்லுங்க.”

“எனக்கு எப்படித் தெரியும் அண்ணாச்சி? உங்க தெருவுல ஏழு வீட்டுல என் பேரைப் பிள்ளைகளுக்கு வச்சிருக்காங்க. அவங்களைக் கேட்டீங்களா?”

அப்போதுதான் வடமலைக்கு உறைத்தது. சாஷ்டாங்கமாக விழுந்தார். விழுந்தவர் எழுந்திருக்கவே கூச்சப்பட்டார்.

“எழுந்திரிங்க. கூட்டம் காத்துக்கிட்டு இருக்கும். நானும் வர்றேன்.”

வீட்டில் பந்தல் நிறைய ஆட்கள். நடுவில் தொட்டில். ஆவுடை தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். குப்பம்மை எல்லாரையும் கும்பிட்டுவிட்டுச் சொன்னார்:

“பேரை மாத்தணுங்கிறவங்க பிள்ளையை வாங்கிக்குங்க. உங்களுக்குப் பிடிச்ச பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க. கேட்டுப் பாப்போம்.”

முதலில் புலவர் எழுந்தார். குழந்தையை ஏந்திக்கொண்டு தொண்டையைச் செருமினார். அவர் யோசித்து வைத்திருந்த பெயர் நீளமானது. பாதிப் பெயர் வருவதற்குள் குழந்தை அவருடைய பட்டு வேட்டியை நனைத்துவிட்டது. பந்தலே சிரித்தது. புலவரும் சிரித்துவிட்டார், பாவம்.

ஜோசியரிடம் எழுத்து இருந்தது, பெயர் இல்லை. மச்சினனிடம் அதுவும் இல்லை. அவன் குழந்தையை வாங்கி முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான். “எங்க அக்கா மூக்கு” என்று மட்டும் சொன்னான்.

குழந்தை அழத் தொடங்கியது.

“ஆவுடை, நீ கூப்பிடு” என்றார் குப்பம்மை.

“நான் கூப்பிட்டாச்சு அம்மா. பிறந்த அன்னிக்கே கூப்பிட்டாச்சு. இனி அவங்க அப்பா கூப்பிடட்டும்.”

குப்பம்மை வடமலையின் பக்கம் திரும்பினார். “நீங்க எத்தனை தடவை கூப்பிட்டிருக்கீங்க, அண்ணாச்சி?”

வடமலை விரல்களைப் பார்த்தார். “ஒரு தடவைகூட இல்லை. எல்லாரும் சொல்லி முடிக்கட்டும்னு இருந்துட்டேன்.”

“பதினாறு நாளாவா?”

அவர் மச்சினன் கையிலிருந்து பிள்ளையை வாங்கினார். வலது காதோரம் குனிந்தார்.

“தும்பை.”

குழந்தை அழுதுகொண்டே இருந்தது.

“தும்பை.”

இரண்டாவது முறை அவருக்கே அந்தப் பெயர் பிடித்துவிட்டது. மூன்றாவது முறை சொல்லும்போது குரல் உடைந்தது. இருபது வருஷமாக அந்த வீட்டில் கூப்பிட ஒரு பெயர் இல்லை. இப்போது இருந்தது. அவர் சந்தோஷத்தில் அழுதார், பிள்ளை பசியில் அழுதது, ஆவுடை மட்டும் வாய்விட்டுச் சிரித்தாள்.

சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்தார்கள். பிறகு அந்தப் பந்தலில் நடந்ததைப் பார்த்திருக்க வேண்டும். புலவர் ஈர வேட்டியோடு தொட்டிலுக்கு மேல் குனிந்து, “தும்பை, இங்க பாரு, தாத்தாவைப் பாரு” என்று சொடக்குப் போட்டார். ஜோசியர் இந்தப் பக்கம் நின்று கை தட்டினார். யார் பக்கம் முதலில் திரும்புகிறாள் என்று அவர்களுக்குள் போட்டி.

சாப்பிட்டு முடித்து, குப்பம்மை கிளம்பினார். வடமலை வாசல்வரை கூடவே வந்தார்.

“அம்மா, ஒண்ணே ஒண்ணு. ஆடு மேயிறதுங்கான் ஒருத்தன், போர்ங்கார் ஒருத்தர், பயம் தெரியலைங்கா இவ. நாளைக்கு யாராவது கேட்டா நான் என்னன்னு சொல்ல? இந்தப் பேருக்கு உண்மையில என்னதான் அர்த்தம்?”

குப்பம்மை செருப்பை மாட்டிக்கொண்டார்.

“பிறந்து பதினாறு நாள்தானே ஆகுது அண்ணாச்சி. அவசரப்படுத்தாதீங்க. அவ வளந்து சொல்லுவா.”