கடித்தாலும் விழிக்காத தூக்கம்

குளக்கரைக் காட்டில் கொசுத்தொல்லை தாங்க முடியவில்லை. அங்கே இருந்த புனுகுப்பூனை வைத்தியர் பட்ட மரத்தில் ஒரு பூஞ்சையை வளர்த்தார். அதைப் பொடியாக்கித் தூவினார். கொசுக்கள் பொத்துப் பொத்தென்று விழுந்து தூங்கின. தவளைகளுக்கு உட்கார்ந்த இடத்திலேயே விருந்து!

புது மருந்து எதுவானாலும் முயல் பார்த்துச் சரி சொல்ல வேண்டும் என்பது அந்தக் காட்டு வழக்கம். ஏன் முயல்? காட்டிலேயே பெரிய பயந்தாங்கொள்ளி அதுதான். யாருக்கும் தோன்றாத ஆபத்தெல்லாம் அதற்குத் தோன்றும்!

கொசுப் பொடியை முயல் நன்றாகச் சோதித்துவிட்டு, "சரி" என்றது. ஆனால் வைத்தியருக்கு ஆசை விடவில்லை. பூஞ்சையை இன்னும் வீரியமாக வளர்த்தார். இந்த முறை முயலிடம் மூச்சுவிடவில்லை.

"இலை அசைஞ்சா ஓடுறவன்கிட்ட நான் போய் நிக்கிறதா?" என்று வீம்பு.

விஷயம் தெரிந்து நரி வந்தது. "வைத்தியரய்யா! உங்க மூளையே மூளை! இதுக்கு மான்கூடத் தூங்குமா?"

"மானா? தண்ணியில ஒரு சிட்டிகை கலந்தா காட்டெருமையே சாயும்!"

"அடேயப்பா! நடுவுல முழிச்சுக்குமோ?"

"ம்ஹூம்!"

"சும்மா தெரிஞ்சுக்கத்தான் கேக்குறேன். கடிச்சா?"

"கடிச்சாலும் முழிக்காது!" வைத்தியர் மார்தட்டினார்.

"ஏன் கடிக்கணும், நரியண்ணே?" என்று புதருக்குள்ளிருந்து ஒரு குரல் நடுங்கியது.

முயல்! புது வாசனைக்குப் பயந்து பார்க்க வந்திருந்தது. காதுகள் வெடவெடத்தன. ஆனாலும் ஓடவில்லை.

"ஒரு பேச்சுக்குக் கேட்டேன்" என்று எச்சிலை விழுங்கிக்கொண்டே நரி நழுவியது.

வைத்தியர் குளத்தைப் பார்த்தார். ஒரு தாய்மான் குட்டியோடு தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. அந்தக் குட்டி அடிபட்டுக் கிடந்தபோது பச்சிலை கட்டிக் காப்பாற்றியவர் அவர்தான். அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஐயோ! இன்னும் ரெண்டு வார்த்தை புகழ்ந்திருந்தா, செய்முறையையும் சொல்லிக் குடுத்திருப்பேனே!"

உடனே நெருப்பு மூட்டி, வீரியப் பூஞ்சையையும் பொடியையும் அள்ளி எடுத்தார்.

"இருங்க, இருங்க!" என்று முயல் அலறியது. "புகை எந்தப் பக்கம் போகும்?"

வைத்தியர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து, ஆளில்லாத பாறைப் பக்கம் காற்று திரும்பும்வரை காத்திருந்தார்.

எவ்வளவு நல்ல கண்டுபிடிப்பானாலும், அது கெட்டவர் கையில் சிக்கினால் என்ன ஆகும் என்று கேட்பவரை முதலிலேயே கூப்பிட்டுவிட வேண்டும்.