கயிறு சங்கத்துக் கம்ப்யூட்டரின் இரைச்சலை அடக்கிய கதை

ஊர்ப் பெயரைச் சொன்னால் என்மேல் கேஸ் போடுவார்கள். கயிறு சங்கம் இருக்கிற ஒரு ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சங்கத்தை நடத்துகிறவர்கள் மூன்று பேர். தலைவர் சிங்காரவடிவேல், செயலாளர் உலகநாதன், காசாளர் தைரியநாதன். மூன்று பேருக்கும் தலை இருக்கிறது. அதுவரைக்கும்தான் என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்.

சங்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் உண்டு. ஊருக்கே அது ஒன்றுதான். ஆன் பண்ணினால் உள்ளே இருக்கிற ஃபேன் மாவு மில் மாதிரி இரையும். அதில் தலைவரின் மதியத் தூக்கம் கெட்டதால், மூன்று மாதமாக அதை ஆன் பண்ணுவதே இல்லை. "இந்த மூணு மாசத்துல ஒரு ரிப்பேர் வந்துச்சா?" என்று செயலாளர் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் பெருமையாகக் கேட்பார்.

ஒரு வியாழக்கிழமை காலையில் குணவதி வந்து நின்றாள். நர்ஸ் படிப்பு முடித்துவிட்டு வீட்டில் இருக்கிற பெண். அரசாங்க ஆஸ்பத்திரி வேலைக்கு விண்ணப்பம் அனுப்ப அன்றுதான் கடைசி நாள், அதுவும் சாயங்காலம் ஐந்து மணி வரை. மழையில் பாலம் உடைந்ததால் டவுன் பஸ் வரவில்லை. போனில் முட்டி மோதிப் பார்த்தும் அந்த விண்ணப்பம் திறக்கவில்லை.

"மாமா, அரை மணி நேரம் குடுத்தா போதும்," என்றாள்.

"தாராளமா வேலை பாரும்மா. சத்தம் மட்டும் வரக் கூடாது," என்றார் தலைவர்.

டவுன் மெக்கானிக் ஜெபசிங்குக்குப் போன் போட்டார்கள். அவன் பாவம், யாரிடம் பேசுகிறோம் என்று தெரியாமல் நல்ல யோசனையாகவே சொன்னான். "பக்கத்து மூடியைக் கழட்டுங்க. ஃபேன் சுத்தாம ஒரு குச்சியால பிடிச்சுக்கிட்டு, தூசியைச் சுத்தமா துடைங்க."

கழற்றினார்கள். தைரியநாதன் குச்சியால் பிடித்தார், உலகநாதன் துடைத்தார். அதுவரை ஒரு குறையும் இல்லை. பிறகு ஆன் பண்ணினார்கள். தைரியநாதன் குச்சியை எடுக்கவில்லை. கம்ப்யூட்டரிடமிருந்து மூச்சுச் சத்தம்கூட வரவில்லை!

"அண்ணாச்சி, குச்சியை எடுங்க. சூடாயிடும்," என்றாள் குணவதி.

"மெக்கானிக் பிடிக்கச் சொன்னான். விடச் சொன்னானா?" என்று கேட்டார் தைரியநாதன்.

சொல்லவில்லைதான். ஐந்து நிமிடத்தில் சூடு தாங்காமல் கம்ப்யூட்டர் அணைந்துபோனது.

மறுபடியும் போன். "வேலை அதிகமானா சூடேறும், சூடேறினா ஃபேன் வேகமா சுத்தும். அதுக்கு வேலையைக் குறைச்சுக் குடுங்க," என்றான் ஜெபசிங்.

வேலையைக் குறைப்பது நிர்வாக விஷயமாயிற்றே. சாப்பிட்டுவிட்டு வந்து, அவசரக் கூட்டம் போட்டார்கள்.

"விண்ணப்பம் மொத்தம் எத்தனை பக்கம்?" என்று கேட்டார் உலகநாதன்.

"நாலு பக்கம்."

"ஒரு நாளைக்கு ஒரு பக்கம் குடுப்போம். ஞாயித்துக்கிழமை அதுக்கு லீவு. திங்கக்கிழமை முடிஞ்சிரும்."

"இன்னைக்குத்தான் கடைசி நாள்னு எத்தனை தடவை சொல்றது?"

"அந்தக் கடைசி நாளைத் திங்கக்கிழமைக்குத் தள்ளிப்போடச் சொல்லி அரசாங்கத்துக்கு ஒரு கடுதாசி எழுதிடலாமே," என்றார் தைரியநாதன். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. குணவதிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மணி மூன்றரை ஆகியிருந்தது.

அவள் கெஞ்சியதில் மூன்றாவது தடவையும் போன் போட்டார்கள். "முன்பக்கம் காத்து உள்ள வரணும், பின்பக்கம் வெளிய போகணும். எதையும் மறைச்சு வைக்காதீங்க," என்றான் ஜெபசிங்.

சங்கக் கட்டடத்தின் முன்கதவையும் பின்கதவையும் அகலத் திறந்தார்கள். பீரோவையும் திறந்தார்கள், மறைக்கக் கூடாதல்லவா. மழைக்காற்று முன்பக்கமாக உள்ளே வந்து, உறுப்பினர் பட்டியல் மொத்தத்தையும் அள்ளிக்கொண்டு பின்பக்கமாக வெளியே போனது. மெக்கானிக் சொன்னபடியே நடந்ததில் மூவருக்கும் ரொம்பத் திருப்தி. அதன் பிறகுதான் காகிதத்தைத் துரத்திக்கொண்டு ஓடினார்கள்.

விட்டால் இன்னொரு சந்தர்ப்பம் கிடைக்காது. குணவதி மேஜைமேல் கிடந்த போனை எடுத்து ஜெபசிங்கிடம் நேராகவே கேட்டாள். ஆன் ஆகும்போது எந்தக் கீயை அழுத்த வேண்டும், ஃபேன் வேகத்தை எங்கே போய்க் குறைக்க வேண்டும் என்று அவன் சொல்ல, இவள் மாற்றினாள். இரண்டு நிமிட வேலை. ஃபேன் சத்தமே இல்லாமல் சுற்ற ஆரம்பித்தது. அவள் மடமடவென்று விண்ணப்பத்தை அடித்தாள்.

இரண்டு பக்கம் முடிவதற்குள் மூவரும் காகிதக் கட்டோடு திரும்பி வந்து, வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.

"சத்தத்தையே காணோமே தலைவரே. போயிருச்சோ?" என்றார் உலகநாதன்.

"ஸ்கிரீன்ல வெளிச்சம் தெரியுதே?"

"எங்க தாத்தாவுக்கும் கண்ணு திறந்துதான் இருந்துச்சு."

தைரியநாதன் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். தலைவர் நிஜமாகவே கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நல்லா இரைஞ்சுக்கிட்டிருந்த கம்ப்யூட்டர்யா," என்றார். மூவரும் தலையைக் குனிந்து மௌன அஞ்சலி செலுத்தினார்கள். அந்த மௌனத்தில் குணவதி மூன்றாம் பக்கத்தை முடித்தாள்.

"ஏம்மா, நீ நர்சுதானே? எதுக்கும் நாடி பிடிச்சுப் பாரேன்," என்றார் தலைவர்.

மணி நாலு நாற்பது. அவள் மௌஸின்மேல் கையை வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். "உயிர் இருக்கு மாமா. ஆனா நிலைமை கொஞ்சம் மோசம். கூட்டம் போடாம எல்லாரும் வெளிய இருங்க."

ஆஸ்பத்திரி ஒழுங்கு மூவருக்கும் தெரியும். வாசல்படியில் போய் வரிசையாக உட்கார்ந்தார்கள். நாலு ஐம்பத்திரண்டுக்கு விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. திரையில் வந்த நம்பரை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் வெளியே வந்தாள்.

"பிழைச்சுக்குமாம்மா?" என்று எழுந்தார் தலைவர்.

"பிழைச்சிருச்சு மாமா."

"சாப்பிட என்ன குடுக்கலாம்?"

காலையிலிருந்து பட்ட பாடு அவளுக்கு. "கெட்டியா ஒண்ணும் குடுக்காதீங்க," என்று எரிச்சலாகச் சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தாள்.

மூவரும் உட்கார்ந்து ஆலோசித்தார்கள். சூட்டு உடம்பு, கெட்டியாகவும் கொடுக்கக் கூடாது. ஆகவே இளநீர் என்று முடிவாயிற்று. உலகநாதன் ஒன்றைச் சீவி எடுத்து வந்தார். தைரியநாதன் அதை வாங்கி, மூடி கழற்றிய பக்கமாகக் கம்ப்யூட்டருக்குள் சாய்க்கப் போனார்.

தலைவர் பாய்ந்து வந்து அவர் கையைப் பிடித்தார். "உனக்குக் கொஞ்சமாவது அறிவிருக்காய்யா? ஸ்ட்ரா இல்லாம அது எப்படிக் குடிக்கும்?"