செல்போனுக்குள் பூவாயி

வெயில் தரையைத் தொடாத ஒரு காட்டில் செம்பான், பூவாயி என்று இரண்டு இருவாச்சிப் பறவைகள் இருந்தன. செம்பானுக்குப் பூவாயி என்றால் உயிர்.

முட்டையிடும் காலம் வந்தது. இருவாச்சிகளின் வழக்கம் தெரியுமா, குழந்தைகளே? பெண் பறவை மரப்பொந்துக்குள் புகுந்து வாசலை மண்ணால் அடைத்துக்கொள்ளும். அலகு நுழைய ஓர் இடுக்கு மட்டும் இருக்கும். இறகும் உதிர்ந்துபோகும், பறக்க முடியாது. ஆண் பறவை கொண்டுவந்து ஊட்டினால்தான் சாப்பாடு!

மலையேற வந்த யாரோ தவறவிட்ட செல்போன் ஒன்று செம்பானிடம் சிக்கியது. அதைப் பூவாயி அடைந்திருந்த பொந்து வாசலுக்கே தூக்கி வந்து அலகால் தட்டிப் பார்த்தான்.

அப்போதுதான் அத்திப்பழம் தின்று முடித்திருந்த பூவாயி உள்ளிருந்து சொன்னாள்: "வயிறு நிறைஞ்சிருக்குங்க. நீங்க நிதானமா வாங்க."

செல்போன் அதை அப்படியே பிடித்துக்கொண்டது. மறுபடி தட்டினால் அதே குரல்!

"அடேயப்பா! இனிமே பூவாயி என்கூடவே இருப்பா!" என்று செம்பான் துள்ளினான்.

அத்திமரத்துக்குப் போனவன் அங்கேயே உட்கார்ந்துவிட்டான். செல்போனில் படங்கள் ஓடின, ஓடிக்கொண்டே இருந்தன. நடுவில் பூவாயி நினைவு வந்தால் ஒரு தட்டு.

"பசிக்குதா பூவாயி?"

"வயிறு நிறைஞ்சிருக்குங்க. நீங்க நிதானமா வாங்க."

அப்புறம் என்ன கவலை? மறுபடியும் படம்தான். நாள்கள் போயின. அவன் கண் சிவந்தது, தூக்கம் கெட்டது, காரணமில்லாமல் நெஞ்சு படபடத்தது. தலைக்கு மேல் தொங்கிய பழம்கூடக் கசந்தது.

மலையணில் ஓடிவந்தது. "அண்ணே, உங்க பொந்துக்குள்ள முனகல் கேட்குது!"

"போடா! இப்பத்தானே அவகிட்ட பேசினேன். வயிறு நிறைஞ்சிருக்காம்."

இரண்டு நாள் கழித்து அணில் மறுபடி வந்தது. இந்த முறை பக்கத்தில் வரவில்லை. எட்ட நின்றே மெல்லச் சொன்னது: "அண்ணே, இப்ப முனகலும் கேட்கல."

செம்பான் சட்டென்று ஒரு பழத்தைப் பறித்தான். அலகில் பழமும் காலில் செல்போனுமாகப் பறந்தான். இடுக்கில் பழத்தை நீட்டினான். வாங்க அலகு வரவில்லை. எறும்புகள் மட்டும் வரிசையாக உள்ளே போய்க்கொண்டிருந்தன.

"பூவாயி! நான் வந்துட்டேன்! ஒரே ஒரு வார்த்தை பேசு!" என்று கதறினான்.

அவன் காலிலிருந்து நழுவிய செல்போன் கிளையில் மோதியது.

"வயிறு நிறைஞ்சிருக்குங்க," என்றது பூவாயியின் குரல். "நீங்க நிதானமா வாங்க."

நீதி: நேற்றுப் பிடித்து வைத்த குரல் இன்றைய பசியைச் சொல்லாது, அன்புக்குரியவரை நேரில் போய்ப் பார்.